பத்து வாரக் குட்டி: மாடியில் நின்றால் போகமாட்டாள், வீட்டுக்குள் வந்த அடுத்த நிமிடம் மிதியடியில்!

மிளகு வீட்டுக்காரி:

வணக்கம். பதினொரு நாளாகச் சரியான தூக்கம் இல்லை, எழுதுவது கோர்வையாக இல்லாவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். பக்கத்துத் தெருவில் பாதி கட்டி நிற்கிற வீட்டில் ஒரு தெருநாய் ஐந்து குட்டி போட்டிருந்தது, நாலு போன இடம் தெரியவில்லை, கடைசியாக நின்ற ஒன்றை ஒரு மழை நாளில் என் பையன் சட்டைக்குள் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான். பெண் குட்டி. பெயர் மிளகு. டாக்டர் பல்லைப் பார்த்துவிட்டு ஒன்பது பத்து வாரம் இருக்கும் என்றார். முதல் ஊசி போட்டாயிற்று, அடுத்தது இன்னும் பத்து நாளில். எல்லா ஊசியும் முடிகிறவரை தெருவில் இறக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

நாங்கள் மடிப்பாக்கத்தில் மூன்றாவது மாடி. நானும் வீட்டுக்காரரும் வேலைக்குப் போகிறோம், பையன் ஸ்கூலுக்கு. பகலில் அத்தை மட்டும்தான் வீட்டில், அவருக்கு முட்டிவலி, குனிந்து துடைக்க முடியாது, மொட்டை மாடி ஏறுவதும் கஷ்டம்.

பிரச்சினை இதுதான். நான் வீட்டில் இருக்கிற நேரமெல்லாம் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை கடிகாரம் பார்த்து மொட்டை மாடிக்குக் கூட்டிப் போகிறேன். அங்கே காக்கையைப் பார்ப்பாள், கொடியில் தொங்கும் துணியைக் கவ்வி இழுப்பாள், எறும்பு வரிசையில் மூக்கை வைத்துத் தும்முவாள், ஒன்னுக்கு மட்டும் போகமாட்டாள். பதினைந்து நிமிடம் நின்று கால் கடுத்து, சரி வா என்று கூட்டி வந்து கதவைத் திறந்தால் வாசல் மிதியடியில் அப்படியே உட்கார்ந்து நிம்மதியாகப் போகிறாள், அதுவும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே. நேற்று எண்ணினேன், வீட்டுக்குள் ஒன்பது, மாடியில் ஒன்றே ஒன்று. பூஜை அறை வாசலில் இரண்டு முறை ஆகிவிட்டது, அதில் அத்தைக்கு ரொம்ப வருத்தம். ஒவ்வொரு தடவையும் ஃபினைல் போட்டுத்தான் துடைக்கிறேன்.

மூன்று நாள் முன்னால் வீட்டுக்காரர் பொறுமை இழந்து ஒரு அதட்டு அதட்டினார். அதிலிருந்து சோபாவுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டு போக ஆரம்பித்திருக்கிறாள், நாற்றம் வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

இரண்டு மணி நேரம் என்பது சரிதானா? பேப்பர் போட்டுப் பழக்கலாமா? ராத்திரி எழுப்பிக் கூட்டிப் போக வேண்டுமா, தூங்க விடலாமா? எதிர் வீட்டுக்காரர் நாயை லிஃப்டில் ஏற்றக் கூடாது என்று வேறு சொல்லிவிட்டார். அத்தை ஒரு மாசம் கெடு கொடுத்திருக்கிறார். யாராவது வழி சொல்லுங்கள்.


கரிசக்காட்டான்:

எங்களுக்குக் கோவில்பட்டிப் பக்கம். தாத்தா காலத்திலிருந்து கன்னி நாயும் சிப்பிப்பாறையும் வீட்டில் இருக்கின்றன, இதுவரை எந்த நாய்க்கும் யாரும் கக்கூஸ் பழக்கிவிட்டதாக நினைவில்லை. குட்டி பிறந்த புதிதில் தாய்தான் நக்கி நக்கிப் போக வைக்கும், அதையே சுத்தமும் பண்ணிவிடும். மூன்று வாரம் ஆகிக் கால் ஊன்றியதும் குட்டியே படுக்கிற இடத்தை விட்டுத் தள்ளாடித் தள்ளாடி நகர்ந்து போய்ப் பண்ணிவிட்டு வரும். திறந்த வீடு, சுற்றிலும் மண், அதுவாகப் போய்க்கொள்ளும். மூன்றாவது மாடியில் பளிங்குத் தரையில் விட்டுவிட்டு அது எங்கே போகும் என்று கேட்டால் நான் என்ன சொல்ல? மாடி வீட்டில் நாய் வளர்ப்பதே எனக்கு உடன்பாடில்லை, ஆனால் அந்தக் குட்டி பிழைத்ததே உங்கள் பையனால்தான், அதனால் மேற்கொண்டு பேசவில்லை.

ஒரே ஒரு கேள்வி. அந்தப் பாதி கட்டின வீட்டில் குட்டிகள் எங்கே படுத்திருந்தன, எங்கே போயின? பையனைக் கேட்டுச் சொல்லுங்கள்.


வேளச்சேரி இரட்டை:

தோழி, நானும் இதே நிலையில் இருந்து வந்தவள்தான், எங்களிடம் இரண்டு நாட்டு நாய்கள், இரண்டும் தெருவில் எடுத்தவை, இரண்டாவது மாடி. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

இரண்டு மணி நேரக் கணக்கை முதலில் விடுங்கள். மாதத்துக்கு ஒரு மணி நேரம், கூட ஒரு மணி நேரம் தாங்கும் என்று ஒரு கணக்கு சொல்வார்கள், அதன்படி இரண்டரை மாதக் குட்டி மூன்று மணி நேரத்துக்கு மேலேயே தாங்க வேண்டும். ஆனால் அது படுத்துக்கிடக்கிற குட்டியின் கணக்கு. ஓடி விளையாடுகிற நேரத்தில் இருபது நிமிடத்துக்கு ஒரு தடவைகூடப் போகும், அடக்குகிற பலம் நாலு மாதத்திலிருந்து ஆறு மாதத்துக்குள் மெல்ல மெல்லத்தான் வரும். அதனால் கடிகாரத்தை விட்டுவிட்டு அவள் என்ன செய்து முடித்தாள் என்று பாருங்கள். தூங்கி எழுந்த உடனே, கால் தரையில் படும் முன்னாலேயே தூக்கிவிட வேண்டும். சாப்பிட்டு ஐந்து நிமிடத்திலிருந்து இருபது நிமிடத்துக்குள் ஒரு முறை, தண்ணீர் குடித்த பிறகு, விளையாட்டின் நடுவிலும் முடிவிலும், வீட்டுக்கு யாராவது வந்து கொஞ்சிவிட்டுப் போன பிறகு, படுக்கும் முன்னால். எண்ணிப் பார்த்தால் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு பதினைந்து தடவை வரும். ஆமாம், அவ்வளவுதான். ஒரு மாசத்துக்கு உங்கள் பிழைப்பே இதுதான்.

நாங்கள் செய்த ஒரு காரியம் எல்லாவற்றையும்விட உதவியது. தினசரி காலண்டரில் கிழிக்கிற தாளைக் குப்பையில் போடாமல் அதன் பின்பக்கத்தில் எழுதிவைத்தோம். சாப்பாட்டுக்கு சா, தூக்கத்துக்கு தூ, ஒன்னுக்கு ஒ, ரெண்டுக்கு ரெ, பக்கத்தில் மணி. நாலாம் நாள் அந்தத் தாள்களை வரிசையாக வைத்துப் பார்த்தபோது எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. காலையில் சா என்று எழுதிய கால் மணி நேரத்தில் தினமும் ரெ இருக்கிறது, சாயங்காலம் ஆறு மணியிலிருந்து ஏழுக்குள் மட்டும் நாலு ஒ! அது நாங்கள் ஆபீஸிலிருந்து வந்து அவளைத் தூக்கிப் போட்டு விளையாடுகிற நேரம். அந்த ஒரு மணி நேரத்துக்கு மட்டும் பதினைந்து நிமிடத்துக்கு ஒரு தடவை வெளியே கொண்டுபோனோம், பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

அடுத்தது உங்கள் மொட்டை மாடி. உங்களுக்கு அது கழிப்பறை, அவளுக்கு அது பொருட்காட்சி. சுதந்திரமாக விடாதீர்கள். கழுத்தில் சின்னக் கயிறு கட்டி, ஒரே மூலைக்குத் தினமும் அதே மூலைக்குப் போய், கம்பம் மாதிரி நில்லுங்கள். பேச்சு கூடாது, போன் கூடாது. ஐந்து ஏழு நிமிடம் பார்த்துவிட்டுப் போகவில்லை என்றால் கையில் தூக்கிக்கொண்டு இறங்குங்கள், ஆனால் வீட்டுத் தரையில் விடாதீர்கள். அங்கேதான் நீங்கள் தோற்கிறீர்கள். மடியிலேயே பத்து நிமிடம் வைத்திருந்துவிட்டு மறுபடியும் மாடிக்கு. போய்விட்டாள் என்றால் அந்த நொடியில், வீட்டுக்கு வந்த பிறகு அல்ல, அங்கேயே, எழுந்து நின்றதும் ஒரு துண்டு வேக வைத்த கோழி. அப்புறம் காக்கை, துணி, எறும்பு எல்லாவற்றையும் ஐந்து நிமிடம் காட்டுங்கள். வேலை முடிந்ததும் உடனே கீழே கொண்டு வந்தால், முடித்தால் விளையாட்டு போச்சு என்று புரிந்துகொண்டு இழுத்தடிப்பார்கள், எங்கள் மூத்தவள் அதில் பலே கெட்டிக்காரி.

வீட்டுக்குள் இருக்கிற நேரம் கயிற்றின் மறுமுனையை உங்கள் இடுப்பில் கட்டிக்கொள்ளுங்கள், சமையல் செய்கிறபோதும்கூட. வட்டமாகச் சுற்றுவது, தரையை முகர்ந்துகொண்டே போவது, விளையாட்டைத் திடீரென்று விட்டுவிட்டு அறையை விட்டுப் போவது, இதெல்லாம் அறிகுறி. மிதியடிகளை எல்லாம் ஒரு மாசத்துக்குப் பரண்மேல் போடுங்கள்.

அதட்டியது பற்றி. உங்கள் வீட்டுக்காரர் மேல் தப்பு சொல்லவில்லை, எல்லோருக்கும் வருகிற கோபம்தான். ஆனால் அவள் கற்றுக்கொண்ட பாடம் வேறு. உள்ளே போகக் கூடாது என்று அவளுக்குப் புரியவில்லை, மனுஷர் பார்க்கும்போது போனால் ஆபத்து என்று புரிந்திருக்கிறது. அதனால்தான் சோபாவுக்குப் பின்னால். மாடியில் நீங்கள் பக்கத்தில் நிற்கும்போது அவள் போகாததற்கும் இப்போது அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். நடுவில் பிடித்தால் பேசாமல் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். முடிந்த பிறகு பார்த்தால் பேசாமல் துடையுங்கள்.

லிஃப்ட் விஷயத்துக்கு, இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-ல் குடியிருப்புச் சங்கங்களுக்கு வெளியிட்ட வழிகாட்டலிலேயே வளர்ப்பு நாய்களுக்கு லிஃப்டை மறுக்கக் கூடாது என்று இருக்கிறது. அதைப் பிரின்ட் எடுத்து நீட்டிச் சண்டை போடாதீர்கள், லிஃப்டில் ஏறும்போது கையில் தூக்கிக்கொள்ளுங்கள், கூடவே ஒரு பழைய துண்டும் வைத்திருங்கள். குட்டியின் கால் தரையில் படாதவரை அவருக்கும் சொல்ல ஒன்றும் இருக்காது.


பழைய மிலிட்டரி:

இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு? எண்பதுகளில் குவார்ட்டர்ஸில் அல்சேஷன் வளர்த்தோம். தப்பு செய்த இடத்தில் மூக்கைத் தேய்த்து, பேப்பரைச் சுருட்டி முதுகில் ஒரு தட்டு. ஒரே வாரம். ஒழுங்கு வந்துவிட்டது.


வேளச்சேரி இரட்டை:

ஐயா, உங்கள் அல்சேஷன் ஒரு வாரத்தில் பழகியிருக்கலாம், குவார்ட்டர்ஸில் கதவைத் திறந்தால் புல்தரை இருந்திருக்கும், அடி இல்லாமலேயே பழகியிருக்கும். எங்கள் மூத்தவளுக்கு நாங்களும் அதைச் செய்தோம், காசு கொடுத்து வைத்த ஒரு பயிற்சியாளர் சொன்னார் என்று. விளைவு என்ன தெரியுமா? போனதை நாங்கள் பார்க்கும் முன்னாலேயே தின்று மறைக்க ஆரம்பித்தாள். அதை நிறுத்த மூன்று மாதம் ஆனது. இப்போது அவளுக்கு ஆறு வயது. இன்றைக்கும் அப்பா காலையில் பேப்பர் படித்துவிட்டு நாலாக மடிக்கிற சரசரப்பு கேட்டால் எழுந்து கட்டிலுக்கு அடியில் போய்விடுகிறாள். அப்பா இப்போதெல்லாம் மடிப்பதே இல்லை, அப்படியே டீப்பாயில் விரித்து வைத்துவிடுகிறார்.


பழைய மிலிட்டரி:

சரிம்மா. அதுவும் ஒரு உயிர்தான். நான் பார்த்ததைச் சொன்னேன், விடுங்கள்.


ஊசி ரூம்:

ஒரு கால்நடை கிளினிக்கில் டாக்டருக்கு உதவியாக இருக்கிறேன், டாக்டர் இல்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். இங்கே வருகிற குட்டிகளில் பழக்கம் வரவில்லை என்று சொல்கிற பாதிப் பேரிடம் நான் கேட்பது ஒன்றுதான்: என்ன சாப்பாடு? பால் சோறா? பால் விட்டுப் பிசைந்த சோறு, பாலில் நனைத்த பிஸ்கட், ராத்திரி ஒரு கிண்ணம் பால். தாய்ப்பால் மறந்த குட்டிக்கு மாட்டுப்பால் பல சமயம் செரிக்காது, வயிறு இளகிவிடும், இளகின வயிறோடு எந்தக் குட்டியும் அடக்காது, அதை எப்படிப் பழக்கினாலும் பழகாது. பாலை நிறுத்திப் பாருங்கள். நாள் முழுக்கத் தட்டில் சாப்பாடு வைத்திருக்காமல் மூன்று அல்லது நாலு வேளை, தினமும் அதே நேரத்துக்கு வைத்துப் பதினைந்து நிமிடத்தில் தட்டை எடுத்துவிடுங்கள். உள்ளே போகிற நேரம் ஒழுங்கானால் வெளியே வருகிற நேரமும் ஒழுங்காகும். பூச்சி மருந்து கொடுத்தாயிற்றா? இந்த வயதில் பொதுவாக இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கொடுப்பார்கள், தெருக் குட்டி வேறு, கேளுங்கள். அப்புறம், அடிக்கடி உட்கார்ந்து சொட்டுச் சொட்டாகப் போனாலோ, போகும்போது முனகினாலோ, நிறம் சிவந்து தெரிந்தாலோ அது பழக்கம் சம்பந்தப்பட்டது இல்லை, சிறுநீர்ப்பாதையில் தொற்றாக இருக்கலாம், பெண் குட்டிகளுக்கு அதிகம் வரும், உடனே காட்டுங்கள்.

ஃபினைல் வேண்டாம். நமக்குத்தான் அந்த வாசனை மூத்திர வாடையை மறைக்கிறது, அவள் மூக்குக்கு இரண்டும் தனித்தனியாகத் தெரியும், பழைய இடத்தைத் தேடி வந்துகொண்டே இருப்பாள். ஈரத்தில் நடந்துவிட்டுப் பாதத்தை நக்குகிற வயது, கருப்பு ஃபினைல் வயிற்றுக்குள் போனால் கெடுதல். முதலில் பழைய துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, நாய்ப்பொருள் கடையில் கிடைக்கிற என்சைம் கிளீனரை ஊற்றிப் பாட்டிலில் போட்டிருக்கிற நேரம் ஊற விடுங்கள், அது அந்த வாடை வருகிற பொருளையே உடைத்துவிடும். அது இல்லாதபோது வினிகரும் தண்ணீரும் சமமாகக் கலந்து துடைக்கலாம், மார்பிள் தரையில் மட்டும் வேண்டாம், பளபளப்புப் போய்விடும். மூத்திரத்தின் மேல் பிளீச்சிங் பவுடர் போடவே போடாதீர்கள், கிளம்புகிற வாயு நெஞ்சை அடைக்கும்.

தெருவில் இறக்க வேண்டாம் என்று உங்கள் டாக்டர் சொன்னது பார்வோ என்கிற வைரஸ் நோய்க்காக, குட்டிகளின் உயிரையே வாங்கிவிடும். நோய் வந்த நாயின் மலத்திலிருந்து மண்ணுக்குப் போன கிருமி மாதக்கணக்கில், நிழலான இடத்தில் ஒரு வருஷம்கூட உயிரோடு இருக்கும். ஊசிகள் மூன்று நாலு வாரத்துக்கு ஒன்றாகப் பதினாறு வாரம் வரை போகும், அதுவரை மாடியும் பால்கனியும்தான். கையில் தூக்கிக்கொண்டு தெருவை வேடிக்கை காட்டலாம், அது நல்லதுதான்.


மிளகு வீட்டுக்காரி:

எல்லோருக்கும் நன்றி, ஆபீஸ் பஸ்ஸில் உட்கார்ந்து படித்துக்கொண்டே வந்தேன். ஊசி ரூம் அண்ணா, நீங்கள் கேட்டது போலவே பால் சோறுதான், மூன்று வேளையும். நடுவில் அத்தை மாரி பிஸ்கட்டைப் பாலில் தோய்த்துக் கொடுப்பதை இப்போதுதான் ஒப்புக்கொண்டார். இன்றிலிருந்து நிறுத்தம். பூச்சி மருந்து ஒரு முறைதான் கொடுத்திருக்கிறோம், கேட்கிறேன்.

கரிசக்காட்டார் கேட்டதற்குப் பையன் சொன்னது: மாடிப்படிக்கு அடியில் சிமெண்ட் மூட்டைச் சாக்கில் குட்டிகள் படுத்திருந்தனவாம், பக்கத்திலேயே எம்-சாண்ட் குவியல், அதில்தான் ஏறி விளையாடும், அதில்தான் எல்லாமே போகும். இதை ஏன் கேட்டீர்கள் என்று இன்னும் புரியவில்லை.


கரிசக்காட்டான்:

புரியவில்லையா? நீங்களே பதில் சொல்லிவிட்டீர்கள். அந்தக் குட்டி கால் ஊன்றிய நாளிலிருந்து மணலில் போய்ப் பழகியிருக்கிறது. பாதத்துக்கு அடியில் சொரசொரப்பாக, பொதபொதவென்று, மூத்திரத்தை உறிஞ்சிக்கொள்கிற மாதிரி ஒன்று இருந்தால்தான் அதற்கு இது போகிற இடம் என்று தோன்றும். உங்கள் மொட்டை மாடியில் ஓடு பதித்திருப்பீர்கள், காலில் தெறிக்கும். வீடு முழுக்கத் தேடி அதற்கு மணல் மாதிரி தெரிந்தது உங்கள் மிதியடி ஒன்றுதான். எங்கள் ஊரில் களத்து மேட்டில் வளர்ந்த நாய் சிமெண்ட் முற்றத்தில் நாள் முழுக்கக் கட்டிப்போட்டாலும் போகாது, அவிழ்த்துவிட்டதும் மண்ணைத் தேடி ஓடும். அந்தக் குவியலிலிருந்தே ஒரு வாளி மணல் அள்ளி வந்து பால்கனியில் கொட்டுங்கள், வாடையும் சேர்ந்து வரும்.


ஊசி ரூம்:

ஐயோ, அந்த மணல் வேண்டாம்! அண்ணன் சொன்ன காரணம் நூற்றுக்கு நூறு சரி, நான் இத்தனை குட்டி பார்த்தும் எனக்குத் தோன்றவில்லை. ஆனால் தெருநாய் புழங்கிய மணல், மீதி நாலு குட்டி என்ன ஆயின என்று யாருக்கும் தெரியாது. மணல் மூட்டையாகக் கட்டி விற்கிற கடையில் வாங்குங்கள். ஓரம் நாலு விரல் உயரமுள்ள அகலமான பிளாஸ்டிக் ட்ரேயில், அவள் உள்ளே நின்று ஒரு சுற்று சுற்றுகிற அளவு இருக்க வேண்டும், இரண்டு அங்குலம் மணல் பரப்புங்கள். வாடைக்கு, அவள் போனதை ஒற்றின துணியில் ஒரு துண்டை அந்த மணலில் புதைத்துவையுங்கள், போதும். மணல் பிடிக்கவில்லை என்றால் நர்சரிகளில் துண்டு துண்டாக விற்கும் கார்பெட் புல் வாங்கி அதே ட்ரேயில் வைக்கலாம், அது பின்னால் தெருப் புல்லுக்கு மாறவும் உதவும்.


கரிசக்காட்டான்:

ஒத்துக்கொள்கிறேன். ஊரில் இந்தக் கிருமிக்கு நானும் மூன்று குட்டி பறிகொடுத்திருக்கிறேன், அவசரத்தில் மறந்துவிட்டேன்.


வேளச்சேரி இரட்டை:

அருமை. ஒரு சின்ன சேர்க்கை. பால்கனியில் ஒரு ட்ரே, மாடி மூலையில் அதே மணலில் இன்னொரு ட்ரே வையுங்கள். இரண்டு இடம் காட்டினால் குழம்பும் என்றுதான் நானே சொல்லியிருப்பேன், காலுக்கடியில் ஒரே பொருள் என்றால் குழம்பாது. பகலில் உங்கள் அத்தை மாடி ஏற வேண்டாம், பால்கனிக் கதவைத் திறந்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தால் போதும், துடைக்கிற வேலையும் குறையும். நியூஸ் பேப்பர் வேண்டவே வேண்டாம். பேப்பரில் பழகின குட்டி அப்பா படித்துக்கொண்டிருக்கிற பேப்பரிலும் போகும்.


ஆர்.எஸ்.புரம் ஆந்தை:

ராத்திரி பற்றி யாருமே பேசவில்லை, அது என் துறை. கோவையில் ஒரு லாப்ரடாருக்காக ஆறு வாரம் ஆந்தையாக இருந்தவன்.

உங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு அட்டைப்பெட்டியோ கூண்டோ வையுங்கள். நிற்க, திரும்ப, நீட்டிப் படுக்க இடம் இருந்தால் போதும், அதற்கு மேல் பெரிதாக வேண்டாம். பெரிதாக இருந்தால் ஒரு மூலையில் போய்விட்டு இன்னொரு மூலையில் படுத்துக்கொள்ளும். நான் முதலில் வாங்கியது பெரியது, நாய் வளர்ந்தாலும் ஆகுமே என்று சிக்கனம் பார்த்தேன், அப்புறம் நடுவில் ஒரு பலகை வைத்துத் தடுத்தேன். ஏழு மணிக்கு ராத்திரிச் சாப்பாடு, பத்தரைக்குக் கடைசியாக ட்ரேக்கு. ஒன்றரைக்கும் நாலரைக்கும் அலாரம். குட்டி முனகும் முன்னால் நீங்கள் எழுந்துவிட வேண்டும், முனகியதும் எழுந்தால் முனகினால் ஆள் வரும் என்று கற்றுக்கொள்ளும். விளக்கு போடாமல், பேசாமல், தூக்கிக்கொண்டு போய், முடித்ததும் மறுபடியும் பெட்டிக்குள். கொஞ்சல் எல்லாம் காலையில். நாலு நாள் தொடர்ந்து பெட்டி காய்ந்திருந்தால் அலாரத்தைக் கால் மணி நேரம் தள்ளிவையுங்கள். தண்ணீரை மட்டும் சாயங்காலத்திலிருந்தே நிறுத்துகிற வேலை வேண்டாம், சென்னைப் புழுக்கத்துக்குக் குட்டி தாங்காது, படுக்க ஒரு மணி நேரம் முன்னால் கிண்ணத்தை எடுத்தால் போதும்.

தீபாவளி வருகிறது, அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வெடி போட ஆரம்பித்தால் மாடிப் பக்கமே வரமாட்டாள், பால்கனி ட்ரேயைச் சமையலறைக்குள் எடுத்து வைக்கிற நிலை வந்தாலும் வரும்.


மிளகு வீட்டுக்காரி:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், நடுவில் எழுதாததற்கு மன்னிக்கவும், காலண்டர் தாளில் எழுதுவதற்கே நேரம் சரியாக இருந்தது.

மணல் ட்ரே வைத்த முதல் நாள், அதில் ஏறினாள், முகர்ந்தாள், முன்னங்காலால் இரண்டு தடவை கீறினாள், வட்டமாக ஒரு சுற்று, உட்கார்ந்தாள். அவ்வளவுதான். நான் கையில் கோழித் துண்டை வைத்துக்கொண்டு கொடுக்க மறந்து அப்படியே நின்றுவிட்டேன். அன்றைக்கு உள்ளே நாலு, ட்ரேயில் ஆறு. பால் நிறுத்திய மூன்றாம் நாள் வயிறு கெட்டிப்பட்டது, ரெண்டுக்குப் போவது நாளைக்கு ஐந்திலிருந்து மூன்றாகக் குறைந்துவிட்டது, அதுவும் சாப்பிட்டுப் பன்னிரண்டு பதினைந்து நிமிடத்தில், தாளில் வரிசையாக இருக்கிறது. இரண்டாவது வாரக் கடைசியில் உள்ளே நாளைக்கு ஒன்று, சில நாள் அதுவும் இல்லை. தீபாவளி வாரம் மட்டும் எல்லாம் தலைகீழ். கோவைக்காரர் சொன்ன மாதிரியே ட்ரே சமையலறைக்கு வந்தது, மிளகு கட்டிலுக்கு அடியை விட்டு வரவில்லை, அங்கேயே மூன்று தடவை. துடைத்தோம், யாரும் ஒன்றும் சொல்லவில்லை, வீட்டுக்காரரும்தான். ஐந்தாம் நாளிலிருந்து பழையபடி பால்கனி. ராத்திரி அலாரம் இப்போது ஒன்றுதான், மூன்றே காலுக்கு.

பகல் பொறுப்பு முழுக்க அத்தையுடையது. நாங்கள் யாரும் சொல்லித்தரவில்லை, என் பையனைக் குழந்தையில் காலில் உட்கார வைத்து ஸ்ஸ்ஸ் என்று சத்தம் கொடுத்துப் போக வைப்பாரே, அதே மாதிரி இவள் ட்ரேயில் ஏறியதும் நாற்காலியில் உட்கார்ந்தபடி ஸ்ஸ்ஸ் என்கிறார். பத்து நாளில் அந்தச் சத்தம் கேட்டால் போதும், மழை பெய்தாலும் தூக்கக் கலக்கத்தில் இருந்தாலும் உட்கார்ந்துவிடுகிறாள். கெடு பற்றிக் கேட்டேன், என்ன கெடு என்கிறார். காலண்டர் தாளில் அத்தை எழுதுவது தனி, ஒ ரெ எல்லாம் கிடையாது, "பத்து மணிக்கு ஆச்சு, கொஞ்சம் தண்ணியா இருந்தது" என்று முழு வாக்கியமாக எழுதிவைக்கிறார்.

இப்போது புதிதாக ஒரு சிக்கல். குக்கரில் விசில் வருவதற்கு முன்னால் ஸ்ஸ்ஸ் என்று ஒரு இழுப்பு இழுக்குமே, அதைக் கேட்டதும் எங்கே இருந்தாலும் அங்கேயே உட்கார்ந்துவிடுகிறாள். நேற்றுப் பருப்புக்கு மூன்று விசில். இதற்கு என்ன செய்வது?


கரிசக்காட்டான்:

சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கிறது. இதற்கு எங்கள் ஊரில் அனுபவம் இல்லை, எங்களுக்கு விறகடுப்பு.


வேளச்சேரி இரட்டை:

அடுப்பு பற்ற வைக்கும் முன்னால் பால்கனிக்குக் கூட்டிப் போய் ஒரு முறை முடிக்க வைத்துவிடுங்கள். அத்தையை ஸ்ஸ்ஸுக்குப் பதிலாக ஏதாவது ஒரு வார்த்தைக்கு மெல்ல மாற்றச் சொல்லுங்கள், ஒரு வாரம் வார்த்தை முதலில், சத்தம் பின்னால், அப்புறம் சத்தத்தை விட்டுவிடலாம். குக்கரில் தினமும் ஏமாந்து ஏமாந்து அதுவும் தானாக விட்டுப்போகும். அதுவரைக்கும் ஞாயிற்றுக்கிழமை பிரியாணி வேண்டாம்.